“உங்களால் முடியும்” என்று கத்திவிட்டு, காரில் போய் அழுகிறேன்

பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டு, இந்த வாசகரின் நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். அவருக்கு வயது 43. வேலைக்குப் போய்க்கொண்டே, விடியற்காலையில் 14 பேர் கொண்ட ஒரு குழுவுக்கு மாரத்தான் பயிற்சி தருகிறார். கூடவே தானும் ஒரு முழு மாரத்தானுக்குத் தயாராகிறார். போட்டிக்கு இன்னும் 9 வாரம் இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன் நடந்த போட்டியில் 32ஆவது கிலோமீட்டரில் ஓட்டத்தை நிறுத்திவிட்டார். குழுவினரிடம் “தொடைத் தசை பிடித்துக்கொண்டது” என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையில்லை. “எதுவும் பிடிக்கவில்லை. மனசு விட்டுப்போச்சு, நின்றுவிட்டேன்” என்று எனக்கு எழுதியிருக்கிறார்.

அன்றிலிருந்து பயிற்சி முடிந்ததும் காரில் ஏறி, வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்திருக்கிறாராம். சில நாள் அழுகையும் வருகிறதாம். இதற்கிடையே குழுவில் ஒரு பெண்ணின் வேகம் வாரா வாரம் குறைந்திருக்கிறது. காலில் வலி என்று அவர் சொன்னபோது, “நெகட்டிவா யோசிக்காதீங்க, கிப்சோகே மாதிரி சிரிச்சுக்கிட்டே ஓடுங்க” என்று இவர் சொல்லியிருக்கிறார். (கிப்சோகே, ஓடும்போது சிரிப்பதற்குப் பெயர்பெற்ற கென்ய மாரத்தான் வீரர்.) மூன்று வாரம் கழித்து அந்தப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் கீறல் விழுந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அவர் இப்போது வருவதில்லை. “நம்பிக்கை இழந்த ஒருவன் மற்றவர்களுக்கு நம்பிக்கை சொல்வது மோசடி இல்லையா? பயிற்சி தருவதை விட்டுவிடட்டுமா? இல்லையென்றால், எப்போதும் பாசிட்டிவாக இருப்பது எப்படி என்று சொல்லுங்கள்” என்று கேட்கிறார்.

அன்புள்ள பயிற்சியாளருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது கையில் பேனா எடுத்து ஓரத்தில் ஒரு கூட்டல் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். மனதைப் பற்றி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் பதிலில் பாதி உங்கள் கால்களில் இருக்கிறது.

கணக்கில் வராத கிலோமீட்டர்கள்

“என் பயிற்சி வாரத்துக்கு 62 கிலோமீட்டர்தான், அதிகம் ஒன்றும் இல்லை” என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில், குழுவோடு செவ்வாய் 8, வியாழன் 10, சனி 6, ஞாயிறு 16 கிலோமீட்டர் ஓடுவதாகப் போகிறபோக்கில் சொல்கிறீர்கள். கூட்டினால் 40. இரண்டும் சேர்த்தால் 102. குழுவோடு ஓடுவது மெதுவான ஓட்டம் என்பதால் அதை நீங்கள் ஓட்டமாகவே எண்ணவில்லை. உங்கள் எலும்பும் தசையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தன. மெதுவாக ஓடினாலும் ஒவ்வொரு அடியும் ஓர் அடிதான். அதற்காக விடியுமுன் எழுந்ததால் தூக்கம் குறைந்தது. முன்னும் பின்னும் ஓடி ஓடி ஒவ்வொருவரையும் கவனித்ததற்கும் சக்தி செலவாகியிருக்கிறது. நீங்கள் எழுதிய கால அட்டவணையைத் தேடிப் பார்த்தேன், ஏழு நாளில் ஒரு நாள்கூட ஓய்வு நாள் இல்லை.

இன்னொரு வரி: “வாட்சில் காலை நாடித்துடிப்பு முன்பு 52 இருக்கும், இப்போது 60 காட்டுகிறது. வாட்ச் பழசாகிவிட்டது போலிருக்கிறது.” வாட்ச் பழசானதால் எண் ஏறியிருக்கலாம்தான். ஆனால் ஓய்வுநிலை நாடித்துடிப்பு வாரக்கணக்கில் ஏறியே நிற்பது, அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருவது, பழகிய வேகமே கடினமாகத் தோன்றுவது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், காரணமில்லாத அழுகை எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால், உடல் வாங்கிய சுமைக்கு ஈடாக ஓய்வு கிடைக்கவில்லை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். சுமை அதிகமாகும்போது, கால் வலிக்கும் முன்பே பலருக்கு மனநிலை சரிந்துவிடுகிறது. விளையாட்டு உளவியலில் இது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. ஆகவே “நான் நெகட்டிவாகிவிட்டேன்” என்று நீங்கள் உங்களையே குற்றம் சொல்வதை ஒரு மாதமாவது ஒத்திவையுங்கள். களைத்த உடம்பு அனுப்புகிற தகவலை நீங்கள் உங்கள் குணக்கேடு என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

கடிதத்தை வைத்து நான் நோய்க்குப் பெயர் சூட்ட முடியாது, சூட்டவும் கூடாது. அதிகப்பயிற்சியால் வரும் களைப்பை உறுதிசெய்ய ஒரே ஒரு பரிசோதனை என்று எதுவும் இல்லை. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அந்த முடிவுக்கு வர முடியும். அதனால் இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி, பி12 பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பான ஃபெரிட்டின் தாழ்ந்திருக்கலாம், அதனால் அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், படபடப்பு ஏதாவது இருந்ததா? கடிதத்தில் இல்லை. இருந்தால் இதயப் பரிசோதனை முடியும்வரை ஓடவே வேண்டாம்.

32ஆவது கிலோமீட்டரில் நடந்தது

மனசு விட்டுப்போனது என்கிறீர்கள். மாரத்தானின் 42.195 கிலோமீட்டரில் 30ஐத் தாண்டிய பகுதியில் மனதையும் உடலையும் அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாது. தசையிலும் ஈரலிலும் எரிபொருளாகச் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜன் பலருக்கும் அங்கேதான் அடிமட்டத்துக்கு வருகிறது. அப்போது மூளை ‘போதும்’ என்று சொல்லும். அந்தச் சொல் நமக்குள் நம் குரலிலேயே ஒலிப்பதால் நம் கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்கிறோம். வாரத்துக்கு 100 கிலோமீட்டர் ஓடி, ஓய்வே எடுக்காமல் கோட்டில் வந்து நின்ற ஒருவரின் உடல் 32இல் நின்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

உங்களுக்குப் பிடித்த கிப்சோகேயையே எடுத்துக்கொள்வோம். 2017இல் இத்தாலியின் மோன்ஸாவில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க முயன்று 2:00:25இல் முடித்தார். 2019இல் வியன்னாவில் 1:59:40. நம் நினைவில் நிற்பது இந்த இரண்டாவது எண். அடுத்த ஆண்டே லண்டனில் எட்டாவதாக வந்தார். இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற அவர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 30 கிலோமீட்டர் தாண்டியபின் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். அன்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் நேற்றுவரை அவர் மற்றவர்களுக்குக் கொடுத்த உத்வேகம் பொய்யாகிவிட்டதா?

பாசிட்டிவ் என்ற சொல்

நான் உங்களோடு உடன்படாத இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன். “கெட்ட எண்ணத்தை வரவே விடாதே” என்பதுதான் பாசிட்டிவ் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட எளிய ஆய்வு ஒன்று உண்டு. பங்கேற்றவர்களிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்க வேண்டாம் என்றார்கள். அவர்கள் மனதில் கரடி திரும்பத் திரும்ப வந்தது. அதைவிட முக்கியமானது, பிறகு ‘இப்போது நினைக்கலாம்’ என்றபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்கு அது அதிகமாக வந்தது. ‘வலியைப் பற்றி யோசிக்காதே’ என்று ஓடுபவரிடம் சொல்வதும் கரடியை அவிழ்த்துவிடுகிற வேலைதான்.

சிரிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரை ஓடவைத்தபோது, முகத்தைச் சுளித்து ஓடியதைவிடச் சிரித்தபடி ஓடும்போது ஆக்சிஜன் செலவு 3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே குறைந்தது. முகமும் தோளும் தளர்ந்தால் வீண் இறுக்கம் குறையும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். களைப்பைத் தளர்த்தச் சிரிக்கலாம். எலும்பு வலியை மறைக்கச் சிரிக்கச் சொன்னால், அந்தச் சிரிப்பு ஓர் எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிப்போடுகிறது.

தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வார்த்தைக்கு நிச்சயம் பலன் உண்டு. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் அதைப் பழகியவர்கள் களைத்து நிற்கும்வரை சைக்கிள் மிதித்த நேரம் சராசரியாக 18 சதவீதம் கூடியது. எனக்கு அதில் பிடித்த அம்சம், வார்த்தைகளை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பது. ஓரத்தில் நின்று இன்னொருவர் கத்திய வார்த்தைகள் இல்லை அவை. உங்கள் குழுவில் உள்ள 14 பேருக்கும் ஒரே கோஷம் பொருந்தாது. ஒவ்வொருவரையும் அவரவர் வாக்கியத்தை எழுதிவரச் சொல்லுங்கள். கடைசி பத்து கிலோமீட்டரில் அவரவருக்கு உண்மையாகப் படுகிற ஒரு வரி போதும். “இந்த ஏற்றத்தை நான் நான்கு முறை ஏறியிருக்கிறேன்” என்பது “நான் வெல்லப் பிறந்தவன்” என்பதைவிட உறுதியாகத் தாங்கும், ஏனென்றால் அதை மனம் மறுத்துப் பேச முடியாது.

நான் ஒரு முறை அரை மாரத்தான் ஒன்றில் 18ஆவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்க நின்றிருந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் “இன்னும் கொஞ்சம்தான், வந்துட்டீங்க” என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கோப்பையை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, “கொஞ்சம்னா எவ்வளவு தம்பி? சரியாச் சொல்லு” என்றார். நான் தடுமாறி, “மூணு கிலோமீட்டர்மா. முதல்ல ஒரு ஏற்றம், அப்புறம் சமதளம்தான்” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, ஏற்றத்துக்கென்று அடியைச் சிறிதாக்கி, மெதுவாகக் கிளம்பினார். என் ‘கொஞ்சம்தான்’ அவருக்கு எதற்கும் பயன்படவில்லை. மூன்று கிலோமீட்டரை வைத்துக்கொண்டு அவரால் திட்டம் போட முடிந்தது. பயிற்சியாளரிடம் மாணவர் எதிர்பார்க்கும் நம்பிக்கை பெரும்பாலும் இதுதான் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: எப்போதும் பாசிட்டிவாக இருக்க முடியாது, இருக்கத் தேவையும் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டியது தூரத்தைச் சரியாகச் சொல்லும் பழக்கம், அடுத்த அடியைக் காட்டும் பொறுமை. இரண்டையும் சோர்ந்திருக்கும் நாளிலும் செய்யலாம். அதில் மோசடி எதுவும் இல்லை. மோசடி போல உங்களுக்குத் தோன்றுவது அந்தத் தொடைத் தசைக் கதை.

குழுவிடம் சொல்வதா?

சொல்லுங்கள் என்பது என் கருத்து. ஆனால் இது உங்கள் உரிமை, கடமை இல்லை. உங்கள் மனநிலையையோ மருத்துவ விவரத்தையோ யாரிடமும் ஒப்புவிக்கத் தேவையில்லை. சொல்வதில் ஒரு சின்ன அபாயமும் உண்டு: ஓரிருவர் வேறு பயிற்சியாளரைத் தேடலாம். சொல்லாமல் இருப்பதில் உள்ள அபாயம் அதைவிடப் பெரியது. நின்றுவிடுவது வெட்கப்பட வேண்டியது, அதற்கு ஒரு காயம் தேவை என்று 14 பேருக்கும் நீங்கள் உங்களை அறியாமல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பெண் வலியோடு மூன்று வாரம் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

நீளமாகப் பேச வேண்டாம். ஓட்டத்துக்கு முன் இரண்டு நிமிடம்: “போன போட்டியில் எனக்குத் தசை பிடிக்கவில்லை. ரொம்பக் களைத்துப்போய் நின்றேன். உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. இனி நானும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு எடுக்கப் போகிறேன். உங்களில் யாருக்கும் முடியவில்லை என்றால் காரணம் தேடாமல் என்னிடம் சொல்லுங்கள்.” அவ்வளவுதான். பிறகு ஓடத் தொடங்கிவிடுங்கள். காரில் அழுததையெல்லாம் அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. அது மாணவர்கள் சுமக்க வேண்டிய பாரம் இல்லை. உங்களுக்கென்று ஒரு நண்பர், மனைவி அல்லது ஓர் ஆலோசகர் வேண்டும்.

2018 பாஸ்டன் மாரத்தான் எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கொட்டும் குளிர்மழை, எதிர்க்காற்று. அமெரிக்க ஓட்ட வீராங்கனை டெஸிரே லிண்டன் தொடக்கத்திலேயே தன் உடல் ஒத்துழைக்கவில்லை, பாதியில் விலகிவிடலாம் என்று நினைத்தார். அதை மறைக்காமல், பக்கத்தில் ஓடிய சக அமெரிக்க வீராங்கனை ஷலேன் ஃப்ளானகனிடம் இன்று தன்னால் ஏதாவது உதவ முடியுமென்றால் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். ஃப்ளானகன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை மறுபடி கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். இப்படி ஒவ்வொரு சின்ன வேலையாகச் செய்துகொண்டே போனவர் கடைசியில் 2:39:54இல் முதலாவதாக வந்தார். உதவினால் வெற்றி வரும் என்று சொல்ல இதை எழுதவில்லை, அப்படி ஒரு விதி கிடையாது. ‘இன்று எனக்குச் சரியில்லை’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும் செய்வதற்கு ஏதாவது இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு

உங்கள் குற்றவுணர்வு எனக்குப் புரிகிறது. அதில் ஒரு பங்கு நியாயமானதும்கூட. ஓர் இடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, ஓட ஓடக் கூடும் வலி, ராத்திரி படுத்தபின்னும் விடாத வலி ஆகிய மூன்றில் எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புவது பயிற்சியாளரின் பொறுப்பு. இதை இனி குழுவின் முதல் விதியாக எழுதி வையுங்கள். அதேசமயம், எலும்புக் கீறலுக்கு உங்கள் ஒரு வாக்கியம் மட்டுமே காரணம் என்று நினைப்பதும் தவறு. செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு உள்ளே போகாதபோது எலும்பு பலவீனமாகும், மாதவிடாய் தள்ளிப்போகும், வேகம் குறையும், மனம் சோரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014 முதல் இதற்குத் தனிப் பெயரிட்டு எச்சரித்துவருகிறது. அவருக்கு அப்படி இருக்கிறதா என்பதை அவருடைய மருத்துவர் பார்க்க வேண்டும். நீங்கள் விசாரிக்க வேண்டாம். “எலும்போடு சேர்த்துச் சாப்பாடு, ஹார்மோன் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்” என்று ஒரு வரி சொன்னால் போதும்.

அவருடைய காயத்தைப் பற்றி வாட்ஸ்ஆப் குழுவில் நீங்கள் போட்ட ‘சீக்கிரம் குணமாக வேண்டுவோம்’ பதிவை நீக்கிவிடுங்கள். அன்போடு போட்டதுதான், ஆனால் அது அவருடைய மருத்துவச் செய்தி. அதை யாரிடம் சொல்வது என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர்.

அவருக்கு எழுதும்போது ‘நீங்க ஸ்ட்ராங், சீக்கிரம் திரும்பி வாங்க’ என்று எழுதிவிடாதீர்கள். “நீங்கள் வலி என்று சொன்னபோது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மன்னியுங்கள். டாக்டர் அனுமதிக்கும்வரை ஓட்டத்தைப் பற்றிப் பேச மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கத் தோன்றினால் வாருங்கள்.” இந்த அளவில் நிறுத்துங்கள். பதில் வராமலும் போகலாம். வராவிட்டால் மறுபடி தட்ட வேண்டாம்.

9 வாரம் கழித்து வரும் போட்டி

விலகுவதா, ஓடுவதா என்று இன்றே முடிவு செய்யாதீர்கள். களைத்த மனதின் தீர்ப்பை நம்ப முடியாது. முதல் இரண்டு வாரம் உங்கள் தனிப்பயிற்சி முழுவதையும் நிறுத்துங்கள். குழுவோடு ஓடுவதையும் பாதியாக்குங்கள், மீதி நேரம் சைக்கிளில் வாருங்கள் அல்லது திரும்பும் முனையில் நின்று நேரம் குறியுங்கள். இரண்டு வார ஓய்வில் உடற்தகுதி கரைந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இழப்பு நீங்கள் பயப்படுவதைவிடச் சிறியது, போட்டிக்கு முன் அதை மீட்க நேரமும் இருக்கிறது.

இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பி, நாடித்துடிப்பு 50களின் தொடக்கத்துக்கு இறங்கி, ‘ஓடலாமா’ என்று கால் கேட்கத் தொடங்கினால், 60 கிலோமீட்டர் வரம்புக்குள், குழுவின் ஓட்டத்தையும் அதிலேயே சேர்த்துக்கொண்டு, நேர இலக்கு இல்லாமல் போட்டிக்குத் தயாராகலாம். குழுவோடு ஓடும் காலைகள்தான் இனி உங்கள் மெதுவான ஓட்டம், அதற்கு மேல் தனியாக ஒன்று கிடையாது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஞாயிறு நீண்ட ஓட்டத்தைக் குழுவில் அனுபவமுள்ள ஒருவர் நடத்தட்டும். ஓய்வுக்குப் பிறகும் எதுவும் மாறவில்லை என்றால் இந்தப் போட்டியை விட்டுவிடுங்கள். முற்றிய அதிகப்பயிற்சிக் களைப்பு தீர மாதங்கள் ஆகும், அதன்மேல் ஒரு மாரத்தானை ஏற்றினால் அடுத்த ஆண்டும் கையைவிட்டுப் போகும். பயிற்சி தருவதை விடுவது பற்றிய கேள்வியையும் அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்வோம். இப்போதைக்கு, விட வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். ஓட்டத்தில் மட்டும் இல்லாமல் வீடு, வேலை, பிள்ளைகள் எதிலும் பிடிப்பே இல்லாத நிலை இரண்டு வாரமாகத் தொடர்கிறது என்றால், அது களைப்பைத் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரோடு சேர்ந்து போங்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், இரண்டு வார நாடித்துடிப்பையும் குறித்து அனுப்புங்கள். அந்தப் பெண்ணுக்கான செய்தியை மட்டும் அதுவரை தள்ளிப்போடாதீர்கள், இன்றே அனுப்பிவிடுங்கள்.